கூரை ஓரத்து விறகு: ஸ்பிதியில் பத்து நாள்

பனி பார்க்கத்தான் ஹிமாச்சலின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போனேன். திரும்பி வந்து நோட்டைப் புரட்டினால் பனியைப் பற்றி மொத்தமே நாலு வரி. மிச்சமெல்லாம் விறகு. எத்தனை கட்டை, என்ன மரம், எத்தனை மணிக்கு அணைந்தது என்று பக்கம் பக்கமாக. "இது பயணக் குறிப்பா, விறகுக் கடைக் கணக்கா?" என்றார் கூட வந்த நண்பர். பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படியே நாள்வாரியாகப் போடுகிறேன். கை விறைத்துப்போய் எழுதிய சில பக்கங்களை எனக்கே படிக்க முடியவில்லை. அந்த நாட்கள் சுருக்கமாக இருக்கும்.

ஜனவரி 9, ரெக்காங் பியோ

ஹிமாச்சலின் கின்னௌர் மாவட்டத் தலைநகர். 2,290 மீட்டர் உயரம். சாயங்காலம் நாலரைக்கு இறங்கியபோது எதிரே கின்னர் கைலாஷ் மலை சிவந்துகொண்டிருந்தது. நின்று பார்க்க மனசு சொன்னது, முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கதவைச் சாத்திவைத்திருந்த ஒரு தாபாவுக்குள் புகுந்துவிட்டோம்.

நடுவில் இரும்புத் தகட்டில் செய்த பெட்டி அடுப்பு. நாலு கால், முன்னால் சின்னக் கதவு, மேலே பாத்திரம் வைக்க வட்ட மூடி, பின்னாலிருந்து கிளம்பிக் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் குழாய். காஷ்மீரில் புகாரி என்பார்கள், இங்கே தந்தூர். நமக்குத் தந்தூர் என்றால் ரொட்டி சுடுகிற மண் அடுப்பு, இது வேறு. சுற்றி ஏழெட்டுப் பேர், பச்சைப் பட்டி வைத்த வட்டத் தொப்பியோடு. நாங்கள் உள்ளே வந்ததும் யாரும் பேச்சை நிறுத்தவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. பெஞ்சில் ஆளுக்கு நாலு விரல் நகர்ந்தார்கள். இரண்டு பேர் உட்கார இடம் வந்துவிட்டது.

ராஜ்மா சாவல் 100 ரூபாய், டீ 20. சாப்பிட்டு முடிப்பதற்குள் நெஞ்சு வெந்து முதுகு விறைத்துப்போனது. திருப்பிப் போட மறந்த தோசை மாதிரி. பக்கத்திலிருந்த பெரியவர் என் தோளைத் தொட்டு, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். திரும்பி உட்காரச் சொல்கிறார். எல்லோருமே பேசிக்கொண்டே பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திரும்பித் திரும்பி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

லாட்ஜில் அறை 900, கரண்ட் ஹீட்டருக்குத் தனியாக 300. ஹீட்டரைப் போட்டால் பல்பு மங்கியது, பல்பை அணைத்தாலும் ஹீட்டர் அப்படியொன்றும் சிவக்கவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டில் செங்கல் மாதிரி ஆகியிருந்தது.

ஜனவரி 10, பியோவிலிருந்து தாபோ

ஷேர் ஜீப்பில் பத்துப் பேர். சட்லெஜ் கூடவே வந்தது. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு அதில் வந்து சேர்கிறது. நாம் சட்லெஜை விட்டுவிட்டு ஸ்பிதியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். அதுவரைக்கும் சரிவில் அங்கங்கே பைன் மரங்கள் தெரிந்தன. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மொட்டை மலை, மண், கல், மேலே வெள்ளை. மழை மேகத்தை இமயமலையே மறித்துவிடுவதால் இந்தப் பக்கம் பாலைவனம், குளிர்ப் பாலைவனம். மரமே இல்லாத நாட்டில் இவர்கள் எதை எரித்துக் குளிர்காய்கிறார்கள் என்ற கேள்வி அப்போதுதான் முதலில் வந்தது. டிரைவரிடம் கேட்டேன். "லாரியில வரும், பாயிஜி. பனி விழறதுக்கு முன்னாடி. அரசாங்க டிப்போவில மானிய விலையில கொஞ்சம் கொடுப்பாங்க. பத்தாது."

நாகோவில் ஏரி உறைந்திருந்தது. பையன்கள் அதன் மேல் செருப்புக் காலோடு சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி மல்லிங் ஓடை சாலையின் குறுக்கே கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார் டிரைவர். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி, மண் வெட்டிப் போட்டு, அங்குலம் அங்குலமாக ஓட்டிக் கடக்க நாற்பது நிமிஷம். சும்மா நின்றால் கால் விறைக்கும் என்று நானும் மண் அள்ளினேன். பத்து அள்ளுக்கு மூச்சு வாங்கியது. உயரம் அப்படி. ஒரு பாட்டி தன் சுருக்குப் பையிலிருந்து உலர்ந்த ஆப்ரிகாட் நாலு எடுத்து என் கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

தாபோ போய்ச் சேர்ந்தபோது என் சாவிக்கொத்துத் தெர்மாமீட்டர் மைனஸ் 11 காட்டியது. இது அடுத்த சில நாட்களுக்கு நான் பார்க்கப்போகிற நல்ல நம்பர்களில் ஒன்று என்று அப்போது தெரியாது.

ஜனவரி 11, தாபோ

மடாலயம் கி.பி. 996இல் கட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மண் குதிர்கள் வரிசையாக நிற்பது போல இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆயிரம் வருஷத்து மண் தரை, காலில் சாக்ஸ் மட்டும். ஐந்து நிமிஷம் பாதம் வலித்தது, அப்புறம் வலி நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

உள்ளே கிட்டத்தட்ட இருட்டு. மேலே ஒரு திறப்பிலிருந்து கொஞ்சம் வெளிச்சம். சுவர் முழுக்க ஓவியம், சுவரிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்திருக்கும் சுதைச் சிற்பங்கள். போட்டோ எடுக்கக் கூடாது, எடுக்கத் தோன்றவும் இல்லை. டார்ச் பிடித்துக் காட்டிய இளம் லாமாவிடம், இங்கே ஏன் அடுப்பு வைக்கவில்லை என்று கேட்டேன். அவர் டார்ச்சைச் சுவரில் ஒரு போதிசத்துவர் முகத்தின் மேல் திருப்பினார். "புகை" என்றார். அவ்வளவுதான். 1975 கின்னௌர் நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கிற சுவரை அடுப்புக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

பூஜை முடிந்ததும் அவரே எங்களைத் தங்கள் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அங்கே தந்தூர் எரிந்தது. வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர். டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம், சூப் என்று நினைத்துக்கொண்டால் அருமை. நண்பர் முதல் வகை, நான் இரண்டாம் வகை. அவர் கோப்பையையும் நானே முடித்தேன்.

ஜனவரி 12, காஜா

ஸ்பிதியின் தலைமையூர், சுமார் 3,700 மீட்டர். காஜா என்றதும் எனக்குத் தையல்கடைதான் நினைவுக்கு வந்தது. அந்த நினைப்புக்கும் மறுநாள் வேலை வந்தது.

சுட்ட மண் அல்ல, வெயிலில் உலர்ந்த செங்கல்லில் கட்டிய வீடு. ஓரடிக்கும் மேலே தடித்த சுவர், தட்டைக் கூரை, வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு. கூரையின் நாலு ஓரத்திலும் கைப்பிடிச் சுவர் போலச் சுள்ளிக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். கோடையில் வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் டாக்ஸி டிரைவர் வீட்டுக்காரர். அவர் மனைவியை நாங்கள் பாபிஜி, அதாவது அண்ணி, என்றோம். ஐந்தாம் வகுப்புப் பையன், குளிர்கால விடுமுறை. எழுபதைத் தாண்டிய அம்மா. இங்கே பேசும் போட்டி என்ற மொழியில் அம்மாவுக்கு "ஆமா". நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

தங்க, மூன்று வேளை சாப்பிட ஆளுக்கு 1,200. பாபிஜி கேட்டார்: "பெரிய ரூம்ல எங்ககூடப் படுத்துக்கிறீங்களா, தனி ரூமா? தனி ரூம்னா விறகுக்குக் கூடைக்கு 300."

தனி அறை என்றோம். அடுத்தவர் வீட்டில், பாட்டி குழந்தைகளோடு ஒரே அறையில் படுக்கக் கூச்சம். அதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

கூடை வந்தது. இருபது இருபத்திரண்டு கட்டை இருக்கும், முழங்கை நீளம். இரண்டு சாயங்காலத்துக்கு வரும் என்றார். அடுப்பு பற்றிக்கொண்டதும் எங்களுக்குப் புத்தி போய்விட்டது. குளிரில் கிடந்தவன் கையில் தீயைக் கொடுத்தால் என்ன செய்வான்? வாய்கொள்ளாமல் திணித்தோம். தகடு சிவந்தது, குழாய் ஓலமிட்டது, ஒரு கட்டத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் 26 டிகிரி. ஆறடி தள்ளிக் கட்டிலில் 9. ஒன்பதரை மணிக்குக் கூடை காலி.

கீழே போய் இன்னொரு கூடை கேட்டேன். தந்தூரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். பையன் பாட்டியிடம் ஏதோ சொன்னான், பாட்டி பல் தெரியச் சிரித்தார். பாபிஜி எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கூடையை நிரப்பி, நான் தடுத்தும் கேட்காமல், தானே சுமந்து மேலே கொண்டுவந்து வைத்தார். "பத்து மணிக்கு மேல போடாதீங்க பாயிஜி. தானா அணையட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டாவது கூடையில் நாலு கட்டை எரித்தோம். அதற்கு மேல் கை வரவில்லை.

ஜனவரி 13, காஜா

காலை ஐந்து மணி. வெளியே மைனஸ் 23. அறைக்குள் மைனஸ் 4. தலைமாட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் உறைந்து உருண்டது. மூன்று ரஜாய்ப் போர்வைக்கு அடியில் கிடந்தவனுக்கு மூக்கு மட்டும்தான் அவஸ்தை. மீண்டும் அவர்களை எழுப்பக் கூடாதென்று நானே அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

இதை விலாவாரியாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சுள்ளி வைத்தேன், காகிதம் வைத்தேன், மேலே நாலு கட்டையை நெருக்கி அடுக்கினேன், தீக்குச்சியைக் கிழித்துக் கதவைச் சாத்தினேன். ஒரு நிமிஷத்தில் எல்லா இடுக்கிலிருந்தும் புகை அறைக்குள் வந்தது. ராத்திரி முழுக்க விறைத்துக் கிடந்த குழாய்க்குள் குளிர்காற்று கனமாக உட்கார்ந்திருக்கிறது. சின்னத் தீயின் புகைக்கு அதைத் தள்ளிக்கொண்டு மேலே போகப் பலம் போதாது, வந்த வழியே திரும்பிவிடும். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. ஊதினேன். ஊத ஊதப் புகை. நண்பர் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார். மைனஸ் 23 உள்ளே வந்தது.

பாபிஜி ஓடிவந்தார். முகத்தில் கோபம் இல்லை, அவசரம்தான். கட்டைகளை இடுக்கியால் வெளியே எடுத்தார். மேல் மூடியைத் திறந்து, ஒரு முழுச் செய்தித்தாளை முறுக்கிக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்தார். அது குப்பென்று எரிந்ததும் குழாய் ஒரு மூச்சு இழுத்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. அறையிலிருந்த புகைகூட அடுப்புக்குள் திரும்பிப் போவதுபோல் இருந்தது. அப்புறம் சுள்ளி, அப்புறம் ஒல்லிக் கட்டை இரண்டு, நடுவில் காற்றுப் போக விரல்கடை இடைவெளி. ஐந்தே நிமிஷம்.

நான் அசடு வழிய எழுந்து நகர்ந்தேன். முழங்கை குழாயில் பட்டது. இறகு அடைத்த ஜாக்கெட், துணி நைலான். வலிக்கவே இல்லை, நாற்றம்தான் வந்தது. பார்த்தால் கைப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உருகி ஓட்டையாகி, அடுப்பின் சூட்டில் வெள்ளை இறகெல்லாம் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. வெளியே விழாத பனி உள்ளே விழுந்தது. பையன் ஒரு பாலிதீன் பையோடு வந்து, அரைமணி நேரம் குதித்துக் குதித்து இறகு பிடித்தான். ஆமா ஊசி நூலோடு உட்கார்ந்து, பிடித்த இறகையெல்லாம் உள்ளே திணித்து, பழைய கம்பளித் துண்டொன்றை வைத்து ஒட்டுப்போட்டார். கடையில் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டில் இப்போது கொஞ்சமாவது குளிர் தாங்குகிற இடம் அந்த ஒட்டுதான்.

அன்றைக்குப் போகி. பழையதையெல்லாம் தெருவில் போட்டு எரிக்கிற பண்டிகை பற்றி நண்பர் பாபிஜியிடம் ஹிந்தியில் விளக்கினார். கதவு, நாற்காலிக் கால் எல்லாமா என்று கேட்டார் அவர். ஆமாம் என்றோம். "வெளியில வெச்சா?" என்றார். அவருடைய முகத்தைப் பார்த்து விளக்கத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

மத்தியானம் சாமான்களை எடுத்துக்கொண்டு பெரிய அறைக்கு மாறிவிட்டோம். பாபிஜி ஏற்கெனவே இரண்டு மெத்தை விரித்துவைத்திருந்தார்.

ஜனவரி 14, காஜா

ராத்திரியே பனி ஆரம்பித்துவிட்டது. காலையில் ஒரு முழம். கரண்ட் போய்விட்டது.

பெரிய அறையின் நடைமுறை இப்படி. ஒரு வீட்டில் எத்தனை அறை இருந்தாலும் குளிர்காலத்தில் ஓர் அறைதான் உயிரோடு இருக்கும். சமையல், சாப்பாடு, பூஜை, பாடம், தூக்கம் எல்லாம் அங்கேயே. மற்ற அறைகளைச் சாத்திவிடுவார்கள். காலை ஆறுக்கு ஆமா அடுப்பைப் பற்றவைப்பார். வெயில் எதிர்மலையைத் தாண்டி வந்து தெற்கு ஜன்னலில் விழுந்ததும் அடுப்பு சும்மா இருக்கும். எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். மூன்றரைக்கு மலை வெயிலை எடுத்துக்கொண்டதும் மறுபடி தீ. பத்து மணிக்கு அணைந்துவிடும். ராத்திரி எரிய விடுவதில்லை. விறகு மிச்சம் பிடிக்கத்தானே என்று கேட்டேன். அதுவும்தான் என்றார் வீட்டுக்காரர். "ஆனா கரிக்கட்டையை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டுப் படுத்தவங்க காலையில எழுந்திருக்க மாட்டாங்க. கீழ ஊருங்கள்ல வருஷா வருஷம் நடக்குது." அந்தக் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது. தூக்கம் ஆழமாகும், அவ்வளவுதான்.

அந்த ஒரே தீயில் எத்தனை வேலை! மேலே குக்கர், பக்கத்தில் தண்ணீர்த் தவலை, குழாயைச் சுற்றிக் கொடிபோட்டுச் சாக்ஸ், அடியில் பூனை. தவலைத் தண்ணீர்தான் குளிக்க (நாங்கள் குளிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்), பாத்திரம் கழுவ, உறைந்த தாழ்ப்பாளை இளக்க. இந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் எதுவும் நடக்காது. கேஸ் சிலிண்டரும் இருக்கிறது. அதிலிருக்கும் பியூட்டேன் பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆவியாகவே மாட்டேன் என்கிறது. வெந்நீர் ஊற்றித் தாஜா பண்ண வேண்டும். அந்த வெந்நீர் எங்கிருந்து வரும்? தந்தூரிலிருந்துதான்.

குழாய் பைப்பெல்லாம் நவம்பரிலேயே உறைந்துவிட்டதால் தண்ணீர் குடத்தில்தான் வருகிறது. கழிப்பறை உலர் கழிப்பறை: மேல்தளத்தில் மண்தரையில் ஒரு ஓட்டை, பக்கத்தில் மண்வெட்டி, சாம்பல் குவியல். போனபின் ஒரு வெட்டு சாம்பல் போட வேண்டும். வசந்தத்தில் அது வயலுக்கு உரம். மைனஸ் இருபதில் நாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேகம் மட்டும் தேவை.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் கூரைக்கு ஏறினார், பனியைத் தள்ள. விட்டால் தட்டைக் கூரை இறங்கிவிடும். நாங்களும் ஏறினோம். அப்போது அந்த ஓரத்து விறகு அடுக்கைக் கைவைத்துப் பார்த்தேன். வில்லோ, பாப்லர், முள் புதர். எல்லாம் வயல் வரப்பில் நட்டு வளர்த்தது. மரத்தை வெட்டுவதில்லை, தலையை மட்டும் கழித்துவிட்டு மறுபடி துளிர்க்க விடுவார்கள். "இதை எரிக்கிறதில்லையா?" என்றேன். அவர் சிரித்தார். "இது கடைசி. இதுல கை வெச்சா வீட்டுல ஏதோ சரியில்லைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும்." கீழ்த்தள அறையில் இருப்பதுதான் அன்றாடத்துக்கு. இறங்கிப்போய் அதையும் பார்த்தேன். பாதி அறை நிறைந்திருந்தது. ஜனவரியில் பாதி இருந்தால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் வரைக்கும் தீ வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கோடாலி கேட்டு வாங்கிப் பிளந்தேன். மூச்சுத்தான் பிரச்சினை, கட்டை பிரச்சினையே இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் உறைந்துவிடுவதால் நேராக ஒரு போடு போட்டால் கண்ணாடி மாதிரி இரண்டாகிறது. வைரம் பாய்ந்த கட்டையும் அப்படித்தான். பையன் பக்கத்தில் நின்று எண்ணினான். எண்ணிக்கொண்டே பாடமும் எடுத்தான்: விறகு "ஷிங்", நெருப்பு "மே", தண்ணீர் "சூ". நான் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்தான். ஏனென்று கடைசிவரை சொல்லவில்லை.

பிளந்த துண்டை முகர்ந்து பார்த்து ஆமா இரண்டாகப் பிரித்தார். இந்த வருஷம் வெட்டியது ஒரு பக்கம், போன வருஷத்தது ஒரு பக்கம். பச்சை விறகு எரிகிற சூட்டில் ஒரு பங்கு அதன் ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். புகை குழாயில் தாராகப் படியும், ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும். இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் காய்ந்தது "டண்" என்கும், ஈரம் "தொப்" என்கும். தேங்காய் தட்டிப் பார்க்கிற விவகாரம்தான்.

ராத்திரி டிங்மோ (ஆவியில் வேகவைத்த ரொட்டி), கருப்புப் பட்டாணிக் குழம்பு. பட்டாணி இந்த மண்ணில் விளைந்தது. நாலு டிங்மோ சாப்பிட்டேன்.

ஜனவரி 15, காஜா

நாள் முழுக்கப் பனி. துக்பா (நூடுல்ஸ் சூப்), தூக்கம், துக்பா. சாயங்காலம் அக்கம்பக்கத்துக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கட்டை கையில் கொண்டுவந்து கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நாம் வெற்றிலையோ பழமோ கொண்டுபோகிற மாதிரி. அன்றைக்கு அடுப்பு பதினொன்று வரைக்கும் எரிந்தது.

ஜனவரி 16, லாங்சா

சாலை திறந்தது. 4,400 மீட்டர் உயரத்தில் பெரிய புத்தர் சிலைக்குக் கீழே சின்னக் கிராமம். இங்கே வில்லோகூட இல்லை, அதனால் எரிப்பது பெரும்பாலும் சாணம். யாக், மாடு, ஆட்டுப் புழுக்கை. கோடை முழுக்க மலையில் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, சுவர் மாதிரி அடுக்கிவைக்கிறார்கள். நம் வரட்டிதான். நாம் தட்டிச் சுவரில் அறைகிறோம், இவர்கள் விழுந்த வடிவத்திலேயே உலர விடுகிறார்கள். கட்டை சட்டென்று எழும்பிச் சட்டென்று அடங்கும். சாணம் சுடர் விடாது, ஆனால் ஒரு தட்டு ஒரு மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். சாம்பலும் அதிகம், அதனாலும் வேண்டியிருக்கிறது. வசந்தத்தில் பனி சீக்கிரம் உருக வேண்டுமென்றால் வயலில் மண்ணும் சாம்பலும் தூவுவார்களாம். கறுப்பு வெயிலை இழுக்கும்.

நாங்கள் டீ குடித்த வீட்டில் கீழ்த்தளம் தொழுவம். பலகை இடுக்கு வழியாக மாடுகளின் மூச்சு மேலே ஏறிவந்தது. அதுவும் ஒரு கணப்பு, விறகில்லாமல். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். வற்புறுத்தினால் இன்னொரு கோப்பை ஊற்றுகிறார்கள், ஆகவே வற்புறுத்தவில்லை.

ஜனவரி 17, காஜாவிலிருந்து பியோ

கிளம்ப வேண்டிய நாள். மைனஸ் 26. வீட்டுக்காரர்தான் பியோ வரை கொண்டுவிடுவதாக ஏற்பாடு. சாவியைத் திருப்பினால் வண்டி முனகி நின்றுவிட்டது. டீசலில் மெழுகு உறைந்துபோயிருக்கிறது. அவர் அலட்டிக்கொள்ளாமல் உள்ளே போய் ஓர் இரும்புத் தட்டில் தணலை அள்ளி வந்து, இரண்டு சாணத்தட்டையும் ஒரு கட்டையையும் அதில் வைத்து, நேராக டீசல் டேங்குக்கு அடியில் தள்ளினார். நண்பர் நாலடி பின்னால் போனார், நான் எட்டடி. தெருவில் வேறு இரண்டு வண்டிக்கடியிலும் அதேபோலத் தீ. அந்த வண்டிக்காரர்கள் அதிலேயே கையைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டு எங்கள் பக்கம் பார்த்து "ஜூலே" என்று வணக்கம் சொன்னார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் கணக்குத் தீர்த்தோம். இரண்டு கூடைக்கு 600 என்று நான் நீட்டினேன். பாபிஜி 300ஐத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு கூடை நீங்க பிளந்தது." மறுத்துப் பார்த்தேன். அவர் கணக்கில் கறாரானவர். அவர் அந்தக் கூடையை ராத்திரி ஒன்பதரைக்குச் சுமந்து மேலே கொண்டுவந்ததற்கு எந்தக் கூலியும் அந்தக் கணக்கில் இல்லை என்பதைச் சொல்ல எனக்கு ஹிந்தி போதவில்லை. பையன் பாலிதீன் பையை நீட்டினான். அப்புறம் பிடித்த இறகு, ஒரு கைப்பிடி.

ஜனவரி 18, பியோவிலிருந்து ராம்பூர்

பஸ்ஸில் நல்ல கூட்டம். ராம்பூர் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே; இறங்க இறங்க ஒவ்வொரு சட்டையாகக் கழற்றினோம். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் மூக்கை இழுத்தார், என் ஒட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

"ஸ்பிதியா?"

"ஆமாம், காஜா."

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். எந்த ஊர் நீங்கள், என்ன பார்த்தீர்கள், பனி விழுந்ததா என்றெல்லாம் கேட்கவில்லை.

"விறகு எவ்வளவு மிச்சம் இருக்கு அங்க?"

"கீழ்த்தளத்துல பாதி. கூரை ஓரத்துல இன்னும் கை வைக்கலை."

அவர் விரல் விட்டு எண்ணினார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்.

"வந்துடும்" என்றார், கண்ணை மூடிக்கொண்டார்.